“அக்கா, கடைசி நாள் எப்போ?” – ஐடிஆர் சீசனோட அந்தப் பக்கம்

இந்த எபிசோடு நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. எனக்கு வரிக் கணக்கு ஃபைல் பண்ணித் தர்ற அக்காவுக்கு வாட்ஸ்அப்ல ஃபார்ம் 16-ஐ அனுப்பினேன். கூடவே, “சம்பளம் மட்டும்தான் அக்கா, சிம்பிள் கேஸ், பத்து நிமிஷ வேலை”ன்னு ஒரு மெசேஜ். கடைசி நாள் 15-ம் தேதி, திங்கட்கிழமை. பதில் மறுநாள் காலை 5:40-க்கு வந்திருந்தது. “தம்பி, இந்த ஃபார்ம் 16 அக்டோபர்ல இருந்துதான் இருக்கு. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் எங்க வேலை பார்த்தீங்க?”

நான் கம்பெனி மாறினதை அவங்ககிட்ட சொல்லவே இல்ல. சொல்ற அளவுக்கு அது முக்கியம்னே தோணல.

எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்குல பார்க்கலாம். என் சம்பளம் வேண்டாம், ரவுண்டா வெச்சுக்குவோம். 2024-25 நிதியாண்டு, புது வரி முறை. முதல் கம்பெனியில ஆறு மாசத்துக்கு 6 லட்சம், ரெண்டாவது கம்பெனியில அடுத்த ஆறு மாசத்துக்கு 6 லட்சம். முதல் கம்பெனி நாம கிளம்பும்போது கணக்கை முடிக்கும். 6 லட்சத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 5.25 லட்சம். அந்த வருஷம் 7 லட்சம் வரைக்கும் ரிபேட் இருந்ததால வரி பூஜ்ஜியம். ரெண்டாவது கம்பெனிக்கு முதல் கம்பெனியைப் பத்தித் தெரியாது. அதுவும் அதே கணக்கைப் போட்டு பூஜ்ஜியம்னு சொல்லும். ரெண்டு ஃபார்ம் 16-ம் தனித்தனியா சரி. ஆனா உங்க வருமானம் 12 லட்சம். 75,000 கழிவு ஒரு தடவைதான் கிடைக்கும். மீதி 11.25 லட்சம், ரிபேட் கிடையாது. வரி 68,750, செஸ் சேர்த்தா 71,500 ரூபாய். இதுல ஒரு ரூபாய்கூட யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க. வட்டி வேற தனி.

இதுக்குத்தான் அப்ப ஃபார்ம் 12பி-ன்னு ஒண்ணு இருந்தது. பழைய கம்பெனி சம்பளத்தைப் புது கம்பெனிக்குச் சொல்ற படிவம். சேர்ந்த அன்னிக்கு வந்த பதினேழு பேப்பர்ல அதுவும் ஒண்ணா இருந்திருக்கும். நான் நிரப்பல.

அக்கா நான் சொன்னபடி பத்து நிமிஷத்துல முடிச்சிருந்தா ரிட்டர்ன் அழகா அப்லோட் ஆகியிருக்கும். கொஞ்ச மாசம் கழிச்சு நோட்டீஸ் வந்திருக்கும், அதுவும் எனக்கு. ரிட்டர்ன்ல இருக்கிறது என்னோட பான் நம்பர்.

சீசன் ஓய்ஞ்சதும் அவங்க ஆபீஸ்ல ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசினேன். மைக் வேண்டாம்னுட்டாங்க, அதனால இன்னிக்கு அவங்க குரல் இல்ல, என் நோட்ஸ்தான். மேற்கு மாம்பலத்துல ஒரு மாடி ரூம். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பி.காம். முடிச்சு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 11 வருஷம் வேலை பார்த்துட்டு, அப்புறம் தனியா ஆரம்பிச்சவங்க. சீசனுக்கு நானூறு ரிட்டர்ன் போல பண்றாங்க. எங்க அப்பா அவங்களை ‘ஆடிட்டரம்மா’ன்னுதான் கூப்பிடுவார். அவங்க ஒவ்வொரு தடவையும் “நான் ஆடிட்டர் இல்ல சார்”னு திருத்துவாங்க. நம்ம ஊர்ல வரிக் கணக்கு போடுற எல்லாரும் ஆடிட்டர்தான். நிஜத்துல ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட சி.ஏ. வேணும். சம்பளக்காரருக்கோ சின்னக் கடைக்கோ ரிட்டர்ன் தயார் பண்ணித் தர அது தேவையில்ல.

மார்ச் 31-லயே வருஷம் முடிஞ்சுடுதே, ஜூலை 31 வரைக்கும் நாலு மாசம் இருக்கே, ஏன் எல்லாரும் கடைசில ஓடுறோம்? எல்லாரும் சோம்பேறின்னுதான் நான் நினைச்சிருந்தேன். அது பாதிதான் உண்மை. நம்ம தொழில்ல சொல்ற ‘டிபென்டென்சி’தான் இங்கேயும் பிரச்சனை. கடைசி மூணு மாசத்துக்கான டிடிஎஸ் கணக்கை கம்பெனிகள் தாக்கல் பண்ண மே 31 வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கப்புறம்தான் 26ஏஎஸ், ஏஐஎஸ் ரெண்டுலயும் விவரம் முழுசா வரும். ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை நேரம். ஆக, நாலு மாச ஜன்னல்ல உண்மையா திறந்திருக்கிறது 46 நாள்.

அந்த 46 நாளும் ஐடிஆருக்கு மட்டும் கிடைக்காது. அக்காகிட்ட கடைக்காரங்க, சின்ன வொர்க்‌ஷாப் வெச்சிருக்கவங்களும் இருக்காங்க. ஜூலை 7 டிடிஎஸ் பணம் கட்டணும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. ஜூலை 31, ஐடிஆரோட கடைசி நாள்லயே, ஏப்ரல்-ஜூன் டிடிஎஸ் ரிட்டர்னுக்கும் கடைசி நாள். இதை யார் டிசைன் பண்ணாங்கன்னு ஒரு ரிவ்யூ மீட்டிங் வெச்சா நல்லா இருக்கும்.

2024-ல ஜூலை 31 வரைக்கும் 7.28 கோடிக்கு மேல ரிட்டர்ன் வந்துச்சு. அதுல 69.92 லட்சம் அந்தக் கடைசி ஒரே நாள்ல. சாயங்காலம் 7 மணில இருந்து 8 மணிக்குள்ள மட்டும் 5.07 லட்சம். இது வருமான வரித் துறையே சொன்ன எண்ணிக்கை. நாம இதைப் பார்த்தா சர்வர் எப்படித் தாங்குச்சுன்னு யோசிப்போம். அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை மாடி ரூம்ல லைட் எரிஞ்சிருக்கும்னு எனக்கு இப்பத்தான் தோணுது.

கெடுவை நீட்டினா சரியாயிடுமே? அதையும் கேட்டேன். சிரிச்சாங்க. 2021-ல ஜூன் 7-ம் தேதி புது போர்ட்டல் வந்து, கோளாறுகளால கடைசித் தேதி டிசம்பர் 31 வரைக்கும் போச்சு. 2025-ல ஐடிஆர் படிவங்கள் மாறினதால மே மாசமே செப்டம்பர் 15-ன்னு அறிவிச்சாங்க. “நீட்டினா நீங்க யாரும் சீக்கிரம் வர மாட்டீங்க தம்பி. ஜூலை 25-க்கு வர்றவர் செப்டம்பர் 10-க்கு வருவார்.” செப்டம்பர்ல அவங்களுக்கு இன்னொரு தலைவலியும் சேரும். ஆடிட் தேவைப்படுற வியாபாரிகளோட கணக்குப் புத்தகங்களை முடிச்சு, பழைய ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொடுக்கிற மாசம் அது.

சரி, எப்படிச் சமாளிக்கிறாங்க? வேகமா வேலை செஞ்சு இல்ல. இதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு சாதாரண சம்பள ரிட்டர்னை டைப் பண்ண இருபது நிமிஷம். அதுக்கான பேப்பரை வாங்க ஒரு வாரம். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப், அரை இருட்டுல கோணலா எடுத்த வட்டிச் சான்றிதழ் போட்டோ, “அனுப்பிட்டேனே அக்கா”ன்னு சொல்லிட்டு அனுப்பாத ஆள். அவங்க எக்செல் ஷீட்ல எனக்குப் பிடிச்ச காலம் ஒண்ணு இருக்கு. தலைப்பு: ‘யார்கிட்ட நிக்குது’. அதுல மூணே பதில்தான் வரும். என்கிட்ட, பார்ட்டிகிட்ட, போர்ட்டல்கிட்ட. ஜூலையில எந்த நாள் பார்த்தாலும் பாதிக்கு மேல ‘பார்ட்டிகிட்ட’ன்னுதான் இருக்குமாம். நாம ஜிரா போர்டுக்கு மூணு மீட்டிங் போடுறோம்.

ஃபார்ம் 16-க்குக் காத்திருக்கத் தேவையில்லாத கடைக்காரங்க கணக்கை மே மாசமே பாதி தயார் பண்ணி வெச்சுடுவாங்க. சீசன்ல காலை 5-ல இருந்து 8 வரைக்கும் டைப்பிங், போன் சைலன்ட். பத்து மணிக்கு மேலதான் போனை எடுப்பாங்க. சாயங்காலம் 7-ல இருந்து 9 வரைக்கும் ‘ஓடிபி நேரம்’. ரிட்டர்னை அப்லோட் பண்ணதும் ஆதார் ஓடிபி வெச்சு வெரிஃபை பண்ணணும். ஓய்வு பெற்ற மாமாவோட ஆதார் நம்பர் மகன் போன்ல இருக்கும், மகன் ஆபீஸ்ல இருந்து ஏழு மணிக்குத்தான் வருவார். அதனால காலைல அப்லோட், ராத்திரி வெரிஃபை. இதுக்கு 30 நாள் நேரம் இருக்கு. ஆனா 30 நாள் தாண்டினா, வெரிஃபை பண்ண தேதிதான் தாக்கல் தேதின்னு ஆயிடும், அபராதமும் சேர்ந்து வரும். அதனால அதுக்குத் தனியா ஒரு சிவப்பு கலர் காலம்.

ஆள் வெச்சுக்கலாமேன்னு கேட்டேன். சொந்தக்காரப் பொண்ணு, பி.காம். படிக்குது, லீவுல வந்து வட்டி, வங்கி விவரமெல்லாம் ஏத்தித் தருது. அதுக்கு மேல முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு ஆளை எடுத்தா, சொல்லிக் கொடுக்கவே நாலு வாரம் போயிடும்.

இன்னொண்ணு, ‘முடியாது’ன்னு சொல்றது. ஷேர் வித்தது, வீடு வித்தது மாதிரி கேஸ் ஜூலை 20-க்கு மேல புதுசா வந்தா எடுக்கறதில்ல. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்பாங்க. “நஷ்டம் ஏதாவது இருக்கா? பழைய வரி முறை வேணுமா?” ஏன்னா கடைசித் தேதி தாண்டினாலும் டிசம்பர் 31 வரைக்கும் தாமத ரிட்டர்ன் போடலாம். அபராதம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000. வரியை மட்டும் இப்பவே சலான்ல கட்டிட்டா வட்டி ஏறாது. பல பேருக்கு அது பெரிய நஷ்டம் இல்ல. ஆனா ஷேர்லயோ எஃப் அண்ட் ஓ-லயோ விட்ட காசை அடுத்த வருஷ லாபத்துல கழிக்கணும்னா ரிட்டர்ன் நேரத்துக்குப் போயிருக்கணும். வீட்டு வாடகை, 80சி கழிவெல்லாம் இருக்கிற பழைய முறையும் லேட் ஆனா கிடையாது. இந்த ரெண்டுல எதுக்காவது ஆமான்னு பதில் வந்தா, அவங்களே எடுப்பாங்க. இல்லன்னா பழைய ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்க குரூப்ல யார்கிட்ட இடம் இருக்குன்னு கேட்டு அனுப்பி வைப்பாங்க.

இதெல்லாம் தாண்டி அவங்க குரல் மாறின ஒரே இடம் ரீஃபண்ட். கடைசி வாரத்துல தினமும் யாராவது கேட்பாங்களாம், “எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அறுபதாயிரம் வந்திருக்கு, எனக்கு ஏன் வரல?” வந்த கதை இதுதான். கட்டாத வாடகை, இல்லாத படிப்புக் கடன், பேர் தெரியாத கட்சிக்குக் கொடுத்ததா காட்டின நன்கொடை. போட்டுக் கொடுத்தவருக்கு ரீஃபண்ட்ல கமிஷன். அக்காகிட்ட இருந்து முப்பது பேருக்கு மேல அப்படிப் போயிருக்காங்க. அவங்க வாங்குறது ரிட்டர்னுக்கு 1,000 ரூபாய், ரீஃபண்ட் வந்தாலும் வராட்டியும். முப்பது பேர் போனா அது ஒரு மாச வாடகையும் கரன்ட் பில்லும்.

2025 ஜூலை 14-ம் தேதி வரித் துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் மேல பெரிய சோதனையை ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல ஏற்கெனவே நடந்த சோதனைகளையும் அந்த அறிக்கையில சொல்லியிருந்தாங்க. அதுக்கு முந்தின நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் தாங்களாவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கையை வாபஸ் வாங்கியிருந்தாங்க. போன முப்பது பேர்ல சிலர் அப்ப அக்காகிட்ட திரும்பி வந்தாங்க. அந்தத் திருத்தின ரிட்டர்ன்ல வரி, வட்டி, அந்த ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல 25 சதவீதம் கூடுதல். ஒரு வருஷம் தள்ளிப் போனா 50. வாங்கின கமிஷனை அந்த ஆள் திருப்பித் தர மாட்டார். சிலருக்கு நோட்டீஸ் வந்ததே தெரியல. போர்ட்டல்ல இருந்த ஈமெயில் அவங்களோடது இல்ல, கமிஷன்காரர் சீசனுக்காக உருவாக்கி, அப்புறம் கைவிட்ட ஈமெயில்.

கேட்டுட்டு இருக்கிறவங்க ஒரு நிமிஷம் பாஸ் பண்ணுங்க. போர்ட்டல்ல லாகின் பண்ணி, புரொஃபைல்ல முதன்மை மொபைலும் ஈமெயிலும் யாரோடதுன்னு பாருங்க. என்னோடதுல என் நம்பர் இருந்துச்சு. அக்காவோடது ரெண்டாவது இடத்துல.

என் கதைக்கு வரேன். பழைய கம்பெனி ஃபார்ம் 16 போனது பழைய ஆபீஸ் ஈமெயிலுக்கு. அது எப்பவோ மூடியாச்சு. ஞாயிறு முழுக்க முன்னாள் டீம்மேட்ஸுக்கு போன் பண்ணி, திங்கட்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எச்ஆர் திரும்ப அனுப்பினாங்க. சேமிப்புல இருந்து எடுத்து சலான் கட்டினேன். ராத்திரி 9:10-க்கு ஓடிபி சொன்னேன், முடிஞ்சது. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி, கடைசித் தேதி இன்னும் ஒரு நாள், 16 வரைக்கும்னு அறிவிப்பு வந்துச்சு. அக்காவுக்கு ஃபார்வேர்ட் பண்ணேன். நீல டிக் காலைலதான் வந்தது.

கிளம்பும்போது, அடுத்த மே மாசம் எல்லாருக்கும் அனுப்பப் போற மெசேஜை இப்பவே எழுதி வெச்சிருக்கிறதைக் காட்டினாங்க. ‘ஃபார்ம் 16-க்குக் காத்திருக்க வேண்டாம், இதுக்கு மட்டும் பதில் போடுங்க’ன்னு அஞ்சு கேள்வி. எதையாவது வித்தீங்களா, கடன் வாங்கினீங்களா, வாடகை வீடு மாறினீங்களா, புது வங்கிக் கணக்கு இருக்கா. இந்த நாலும் பழசு. புதுசா முதல் இடத்துல ஏத்தியிருக்கிற கேள்வி: ‘வேலை மாறினீங்களா?’

“உங்களால வந்ததுதான் தம்பி”ன்னாங்க. நான் அங்கேயே உட்கார்ந்து “இல்ல அக்கா”ன்னு பதில் போட்டேன். அடுத்த எபிசோடுல ஏஐஎஸ் அறிக்கையை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.