நடுகல்லும் சின்னும் எந்திர நாயும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பழைய நடுகற்களை மக்கள் 'வேடியப்பன்' எனப் பெயரிட்டு வழிபடுகின்றனர். அது பண்டைத் தகடூர் நாடு. தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்து கல்லானபின், அக்கல்லுக்குப் படைக்கும் கள்ளை அவன் ஏற்றுக்கொள்வானோ எனப் புறநானூற்று 232ஆம் பாட்டில் ஔவையார் ஐயுறுகிறார். ஒரு பொருளின் உள்ளே எவரேனும் உளரோ என்னும் இவ்வினாவே பிற்காலப் பொறிக் கதைகளுக்கும் அடிநிலை என்பது நம் கருத்து.

உதயணனைச் சிறைப்படுத்திய பொறியானையினுள் வீரர் ஒளிந்திருந்தனர். (கொங்குவேளிரின் பெருங்கதையில் முற்பகுதி கிடைக்காது போனமை பேரிழப்பே.) அங்கே யானை வெறுங்கூடு. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியோ வேறு வகையினது. வலமாகத் திருகின் எழும். இடமாகத் திருகின் இறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டு, கணவன் பட்டான் என உணர்ந்து விசயை மயங்கவே, அது சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. அவள் துயரத்தைப் பொறி அறியாது. கையின் அசைவு ஒன்றையே அறியும்.

சின்னின் இயல்பு இதற்கு மாறானது. அலாவுதீன் கதையைக் கேட்டோர் அதனை விளக்குக்கு அடிமைப்பட்ட ஏவற்பூதமாகவே எண்ணுவர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலோ 'சின்கள் ஈமான் கொண்ட படலம்' என ஒரு படலமே உண்டு. ஈமான் கொள்ளுதலாவது, தானே தெளிந்து நம்புதல். ஏவலுக்கு மட்டும் இயங்கும் பொறிக்கு அஃது இயலாது.

இவ்விரண்டையும் ஓருருவில் இணைத்துக் காட்டியவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் எந்திர நாய் நூல் பயில்கிறது, நகையாடுகிறது, இட்ட ஆணையைக் கடந்து தானே எண்ணவும் தொடங்குகிறது. (ஜீனோ, ஜின் என்னும் ஒலியொப்புமை கொண்டு பெயர்க்காரணம் காண முயல்வது வீண் வேலை.) ஆக்கத்தால் அது மயிற்பொறிக்கு இனம், தன்மையால் சின்னுக்கு இனம். அக்கதையின் நகைச்சுவை முழுதும் இம்முரணிற் பிறப்பதே: ஏவல் செய்ய ஆக்கப்பட்ட நாய், ஏவுவோரினும் அறிவுடையதாய் இருக்கிறது. நாட்டு மக்கள் அஞ்சி வணங்கும் தலைவன் ஜீவாவோ வெறும் ஒளியுருவம். அதன் உள்ளே எவரும் இலர். ஔவையார் கல்லை நோக்கிக் கேட்டதனை இக்கதையில் அத்தலைவனை நோக்கியே கேட்க வேண்டியுள்ளது.