சோலார் போட்டும் கரண்ட் பில் வருதா? நெட் மீட்டர் கணக்கு போடுவது இப்படித்தான்!

மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டியாச்சு. மானியமும் வந்தாச்சு. இனி கரண்ட் பில்லே வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு மாதம் கழித்து ஒரு தொகை வந்து நிற்கிறது. "சோலார் போட்டும் எதுக்கு பில்? நான் கொடுத்த கரண்ட் எங்கே போச்சு?" - சோலார் போட்ட பல வீடுகளில் எழும் கேள்வி இது.

இதற்கான பதில் நெட் மீட்டரில் இருக்கிறது. அது என்ன செய்கிறது, பில்லில் எதைக் கழிக்கிறது, யாருக்கு லாபம் அதிகம்? பார்க்கலாம்.

நெட் மீட்டர் என்றால் என்ன?

சாதாரண மீட்டர் ஒரு வழிப் பாதை மாதிரி. ஈபி கம்பியில் இருந்து வீட்டுக்குள் வரும் மின்சாரத்தை மட்டும் எண்ணும். நெட் மீட்டர் இரு வழிப் பாதை. வீட்டுக்குள் வந்தது எவ்வளவு (இம்போர்ட்), வீட்டில் இருந்து வெளியே போனது எவ்வளவு (எக்ஸ்போர்ட்) என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும்.

பகலில் பேனல் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை முதலில் உங்கள் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது மட்டுமே வெளியே போகும். இரவில் வழக்கம்போல ஈபி மின்சாரம் வரும். பில் போடும்போது இம்போர்ட்டில் இருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்து, மீதி யூனிட்டுக்குத்தான் கட்டணம்.

ஆப்பில் 480, மீட்டரில் 300... 180 யூனிட் எங்கே?

பலரும் குழம்பும் இடம் இதுதான். இன்வெர்ட்டர் ஆப்பில் 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும். நெட் மீட்டரில் எக்ஸ்போர்ட் 300 என்றுதான் இருக்கும். உடனே மீட்டரில் கோளாறு என்று சந்தேகம் வரும்.

கோளாறு எதுவும் இல்லை. மீதி 180 யூனிட்டை பகலிலேயே உங்கள் வீடு பயன்படுத்திவிட்டது. அது நெட் மீட்டரைத் தாண்டிப் போகவே இல்லை, அதனால் அதில் பதிவாகாது. ஆனால் அந்த அளவுக்கு ஈபியில் இருந்து வாங்குவது குறைந்திருக்கும். அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

பில் எவ்வளவு குறையும்?

ஒரு கிலோவாட் பேனல் தமிழ்நாட்டு வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. 2 கிலோவாட் போட்டால் 60 நாளில் 480 யூனிட்.

இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் அமலான வீட்டுக் கட்டணப்படி, சோலார் இல்லாமல் பில் இப்படி வரும்:

முதல் 100 யூனிட் - இலவசம்
101 முதல் 400 வரை, 4.70 ரூபாய் வீதம் - 1,410 ரூபாய்
401 முதல் 500 வரை, 6.30 ரூபாய் வீதம் - 630 ரூபாய்
501 முதல் 600 வரை, 8.40 ரூபாய் வீதம் - 840 ரூபாய்
மீதி 20 யூனிட், 9.45 ரூபாய் வீதம் - 189 ரூபாய்
மொத்தம் 3,069 ரூபாய்.

இப்போது சோலார் போட்ட பிறகு: 180 யூனிட் நேரடியாகப் பயன்பட்டதால் இம்போர்ட் 440. எக்ஸ்போர்ட் 300. நிகரம் 140 யூனிட். இதில் 100 இலவசம். மீதி 40 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம் 94 ரூபாய். (500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை இந்தக் குறைந்த விலை உண்டு. 500-ஐத் தாண்டினால் கிடையாது.)

3,069 ரூபாய் எங்கே, 94 ரூபாய் எங்கே! 2,975 ரூபாய் மிச்சம். காரணம் என்னவென்றால், சோலார் யூனிட் முதலில் கழிப்பது விலை அதிகமான மேல் ஸ்லாப்பை.

அதே பேனல், வேறு வீடு

இங்கேதான் கவனம் தேவை. பக்கத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான் செலவு என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பில் 705 ரூபாய். அவர்களும் அதே 2 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம் ஆகிவிடும். ஆனால் மிச்சம் 705 ரூபாய் மட்டுமே.

ஒரே பேனல், ஒரே வெயில். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 17,850 ரூபாய் மிச்சம், இன்னொரு வீட்டுக்கு 4,230 ரூபாய். போட்ட காசு திரும்பி வர யாருக்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

மிஞ்சிய யூனிட் காசாகுமா?

நெட் மீட்டர் முறையில் மிஞ்சிய யூனிட் உடனே பணமாக வராது. அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும். மழைக்காலத்தில் உற்பத்தி குறையும்போது இந்த வரவு கைகொடுக்கும். ஆனால் கணக்கு ஆண்டு முடிந்தும் மிஞ்சிக் கிடப்பதை, நீங்கள் கட்டும் அதே விலைக்கு ஈபி வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதனால் தேவைக்கு மேல் பேனல் போடுவதில் பெரிய லாபம் இல்லை.

யூனிட்டுக்கு யூனிட்டா, காசுக்குக் காசா?

இன்னொரு முறையும் உண்டு. அதில் வெளியே போன யூனிட்டை யூனிட்டாகக் கழிக்காமல், ஒரு குறைந்த விலை போட்டுப் பணமாகக் கழிப்பார்கள். நம் முதல் வீட்டில் 440 யூனிட் இம்போர்ட்டுக்கு 1,427 ரூபாய். வெளியே போன 300 யூனிட்டுக்கு 3 ரூபாய் தருவதாக வைத்தால் 900 ரூபாய் கழியும். பில் 527 ரூபாய். அதாவது 94 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 527 ரூபாய்!

தமிழ்நாட்டில் 2013-ல் நெட் மீட்டர் முறை வந்தது. 2019-ல் அதை மாற்றி, எக்ஸ்போர்ட்டுக்குத் தனி விலை என்றார்கள். 2021-ல் வந்த மின்சார ஒழுங்குமுறை ஆணைய விதிகள் வீடுகளுக்கு மறுபடியும் நெட் மீட்டரைக் கொண்டுவந்தன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு சோலாருக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு எக்ஸ்போர்ட் விலை வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆகவே விண்ணப்பிக்கும்போது உங்கள் இணைப்பு எந்த முறையில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலார் என்றால் ஓடாது. நல்ல வெயில் அடித்தாலும், ஈபி மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது.

சோலார் போடும் முன்...

கடந்த ஓராண்டின் 6 பில்களையும் எடுத்து, சராசரியாக எத்தனை யூனிட் என்று பாருங்கள். 500-ஐத் தாண்டும் வீடுகளுக்கே லாபம் அதிகம்.

பேனல் அளவு, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையைத் தாண்டக் கூடாது.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அதிகபட்சம் 78,000 ரூபாய். "5 கிலோவாட் போடுங்க, மானியம் கூட வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அது சேராது.

ரீடிங் எடுக்கும் நாளில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டு எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் எக்ஸ்போர்ட் கழிக்கப்படவில்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் கேட்க அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.