பத்தாயம் நிரம்பி வழிந்தால்...

'கொழுப்பு' என்னும் சொல்லை நாம் வசைச் சொல்லாகவே பழகிவிட்டோம். எதிர்த்துப் பேசும் பிள்ளையை, "உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது" என்று கடிந்துகொள்கிறோம். ஆனால், வல்ல இறைவன் மனித உடலில் அமைத்த திசுக்களில் எதுவும் வீணாக அமைக்கப்பட்டதன்று. கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, இந்தத் திசுவைப் பற்றிப் படிக்கவேண்டிய தேவை என் மச்சானால் ஏற்பட்டது.

அவர் என் அக்காவின் கணவர். இருபது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய சபராளி. குச்சி போன்ற கை கால்கள். சதைப்பற்றே இல்லாத மனிதர் என்றுதான் ஊரார் அவரைச் சொல்வார்கள். சம்பா நடவின்போது வயலைப் பார்க்கப் போனவரின் காலில் முள் தைத்தது. மூன்று வாரங்களாகியும் புண் ஆறவில்லை. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், சர்க்கரை நோய் பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்.

"எனக்கா? என் உடம்பிலே எங்கேங்க டாக்டர் கொழுப்பு இருக்கு?" என்று கேட்டார் மச்சான்.

மருத்துவர் பதில் கூறாமல் மேசையிலிருந்த இஞ்சு டேப்பை எடுத்து அவருடைய வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். 96 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எச்சரிக்கைக் கோடு. மச்சானின் புண் ஆறியது உண்மைதான். இரண்டு கால் விரல்களை எடுத்த பிறகு.

நம் தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் பத்தாயம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அறுவடை நெல்லை அதில் கொட்டிவைத்து, அடுத்த அறுவடை வரை அள்ளிச் செலவழிப்பார்கள். கொழுப்புத் திசு நம் உடலின் பத்தாயம். உண்ட சோறு குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரலும் தசைகளும் ஓரளவைக் கிளைகோஜனாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், அவ்வளவே. அன்றாடக் கைச்செலவுக்கு வைத்திருக்கும் சில்லறையைப் போன்றது அது. அதற்கும் மிஞ்சிய ஆற்றல் கொழுப்பாகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். சிறிய இடத்தில் பெரிய சேமிப்பு!

இது வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே அறிவியலார் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1994ஆம் ஆண்டு நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். கொழுப்புச் செல்கள் இதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குக் கணக்கு அனுப்புகின்றன. பத்தாயத்துக்கு உள்ளேயே கணக்குப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்!

அப்படியானால் கேடு எங்கே தொடங்குகிறது? தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் சேரும் கொழுப்பால் பெருந்தீங்கில்லை. அந்தப் பத்தாயம் நிரம்பிவிட்டால், மிஞ்சியது வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும் வழிகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. இதற்கு வியப்பான சான்று ஒன்றுண்டு. கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. பார்வைக்கு எலும்பும் தசையுமாய் இருக்கும் அவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு மண்டுகிறது. கடுமையான சர்க்கரை நோயும் வந்துவிடுகிறது. நெல்லைக் கொட்டப் பத்தாயம் இல்லாத வீட்டில் நடுக்கூடத்திலேதானே குவிக்கவேண்டும்?

நம் நாட்டவரின் பத்தாயமோ சிறியது. புனேயைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் யாஜ்னிக்கும், இலண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தை அருகருகே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் அளவு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலின் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! தராசுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. யாஜ்னிக் குழுவினர் புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர். நம் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. எடை குறைந்திருந்தும், தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்தது தசையே. தாயின் வயிற்றிலேயே தொடங்கும் கதை இது. கருவுற்ற மருமகளின் தட்டில் என்ன விழுகிறது என்று கவனிக்கும் மாமியார்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கட்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. நம் பக்கத்துக் காரைக்காலையும் தன்னுள் கொண்ட புதுச்சேரியில் 26.3 விழுக்காடு.

நெற்களஞ்சியத்தில் வாழும் நாம் சோற்றைக் குறை சொல்ல மனம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டு வெளியான சென்னை ஆய்வொன்றில், மக்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழப் பாதி, தவிடு நீக்கித் தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது; அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டின் நெல் ஜெயராமன், 2018இல் மறையும் வரை, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுப் பரப்பினார். பெருந்தொண்டு அது. ஆயினும் மாப்பிள்ளைச் சம்பாவும் பெரும்பகுதி மாவுச்சத்தே. அதைத் தட்டு நிறையக் குவித்தால் கணக்கு மாறாது. நம் பாட்டனார்களும் நிறையச் சோறு உண்டவர்களே. ஆனால் அவர்கள் நாற்றுக் கட்டைச் சுமந்தார்கள், வரப்பிலே நடந்தார்கள், கதிரறுத்தார்கள். இன்று அறுவடை எந்திரம் வயலில் இறங்குகிறது. நாம் வரப்பில் நின்று பார்க்கிறோம். குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் பெரிய வாடிக்கையாளர் தசைதான். அது வேலை நிறுத்தம் செய்துவிட்டால் சரக்கெல்லாம் பத்தாயத்துக்கே போகும்.

வழி இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, உணவையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இதில் நான் இரண்டு முறை படித்த செய்தி ஒன்று: அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பயன் கிடைத்தது! தெருவில் நடக்கத் தயங்கும் சகோதரிகளுக்கு மொட்டை மாடி இருக்கிறது. தளர்வான உடைக்குள் இடுப்பு பெருப்பது தெரிவதில்லை. ஆண்களின் கைலியும் அப்படித்தான்; அதில் பெல்ட்டைப் போல ஓட்டை இல்லையே, இன்னும் ஒன்று தள்ளிவிட்டது என்று சொல்ல.

ரமலானில் நம் பத்தாயம் திறக்கிறது. பகல் ஏற ஏறக் கல்லீரலின் கிளைகோஜன் குறைந்துவர, கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பை இரத்தத்தில் விடுகின்றன. மஃரிப் பாங்கு ஒலித்ததும் நாம் என்ன செய்கிறோம்? நோன்புக் கஞ்சி, வாடை, சமோசா, ரோஸ்மில்க். தராவீஹ் முடிந்து மீண்டும் புரோட்டா. பகலில் அள்ளியதைவிட இரவில் கொட்டியது அதிகம். சர்க்கரை நோயாளிகள் ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளைகளை எப்படி மாற்றுவது என்று கேட்டுவிட வேண்டும். கேளாமல் நோற்று மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மச்சானை அளந்த அன்று அந்த மருத்துவர் என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். 94 சென்டிமீட்டர். சென்ற வாரம் அக்கா வீட்டில், அவருடைய தையல் டேப்பை வாங்கி மச்சானும் நானும் அளந்துகொண்டோம். அவருக்கு 91. எனக்கு இன்னும் 92.