எல்லையில் நின்றுவிடும் சான்றிதழ், கூடவே வரும் சாதி

இந்தியாவின் எப்பகுதியிலும் குடியேறி நிலையாக வசிக்கலாம் என்ற உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்கு வழங்குகிறது. அதே சட்டத்தின் 341ஆம் பிரிவோ, எவை பட்டியல் சாதிகள் என்பதை ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்துக் குடியரசுத் தலைவர் அறிவிப்பார் என்கிறது. வேற்று மாநிலக் கிராமமொன்றில் குடியேறும் தலித் குடும்பத்தின் வாழ்க்கை இவ்விரு பிரிவுகளுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது.

இதனை வேலைவாய்ப்பு இட ஒதுக்கீட்டுச் சிக்கலாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். கிராமத்தில் அதன் பரப்பு பெரிது. நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தால் வாழ்க்கையைத் தொடங்கிவிடலாம். கிராமத்தில் குடியேறுவோருக்கு வீட்டுமனை வேண்டும். உழுவதற்குத் துண்டு நிலமேனும் வேண்டும். ஊராட்சியில் ஒரு குரல் வேண்டும். இவற்றுள் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழே திறவுகோல். வந்தவர் யார், எந்த ஆள் என்பதை ஊரார் ஓரிரு நாளில் விசாரித்து அறிந்துவிடுகின்றனர். அதற்கு அவர்களுக்கு எந்த ஆணையும் தேவைப்படுவதில்லை. வட்டாட்சியர் அலுவலகம் மட்டுமே அவரை அடையாளம் காண மறுக்கிறது.

முதல் பட்டியல் சாதிகள் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. ஒரு குடும்பம் எந்த மாநிலத்தின் பட்டியலுக்குள் வரும் என்பதை, அந்த நாளில் அது எங்கு நிலையாக வசித்தது என்பதைக் கொண்டே இன்றும் அலுவலகங்கள் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டுப் பட்டியலைப் புரட்டினாலே இந்த எல்லைக்கோடுகளின் விசித்திரம் விளங்கும். வண்ணார் சாதி கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதி. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகள் அவை. வட்டம் கடந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு ஆள்.

1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கோட்டை உறுதிப்படுத்தியது. ஆந்திரத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, தந்தையின் பணி காரணமாகச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்த மாணவருக்கு மகாராட்டிரத்தில் அத்தகுதி இல்லை என்றது. எனினும், நாடாளுமன்றம் இதுகுறித்துத் தக்க சட்டம் இயற்றுவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு சொல்லியது. தீர்ப்பின் முதற்பாதியை எடுத்துக்காட்டும் அதிகாரிகள் இவ்வரியை நினைவுபடுத்துவதில்லை. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐவர் அமர்வும் மாநிலப் பணிகளைப் பொறுத்தவரை இந்நிலையையே ஏற்றது.

பெண்களுக்கு இது மேலும் கடுமையாக விழுகிறது. இந்நாட்டில் பெண்கள் ஊர் மாறுவதற்குத் திருமணமே தலையாய காரணம். பஞ்சாபில் வால்மீகி சமூகத்தில் பிறந்து, மணமாகி உத்தரகாண்டுக்குச் சென்ற ரஞ்சனா குமாரியின் வழக்கு 2018 நவம்பரில் முடிந்தது. வால்மீகி சமூகம் இரு மாநிலங்களின் பட்டியலிலும் உள்ளது. இருப்பினும் புகுந்த மாநிலத்தில் அவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது உச்ச நீதிமன்றம். அதே சாதி, அதே இழிவு. மாறியது முகவரி மட்டுமே.

நிலத்தின் கதை அவ்வளவு எளிதன்று. ராஜஸ்தான் குத்தகைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரின் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கிறது. அத்தகைய நிலத்தை வாங்கியவர் பஞ்சாபின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்; ராஜஸ்தானில் அத்தகுதியைக் கோர முடியாது, ஆகவே அக்கைமாற்றம் செல்லாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலமற்ற உள்ளூர்த் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட காணியை வசதியுள்ள வெளியார் வளைத்துவிடக்கூடும் என்ற அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் வாங்க வருபவருக்குப் பொருந்தும் தடையை, கூலிக்கு வந்து தலைமுறையாகத் தங்கிவிட்டவருக்கும் அப்படியே பொருத்துவது நீதியாகாது.

தேவிகுளத்தைப் பாருங்கள். இடுக்கி மலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்த் தலித்துகளின் பாட்டன் பாட்டிகள் திருநெல்வேலி போன்ற மாவட்டங்களிலிருந்து தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். அங்குள்ள தனித் தொகுதியில் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாததாக்கியது. மதமே அவ்வழக்கின் மையக் கேள்வி எனினும், அவரது குடும்பம் 1950க்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதும் வாதத்துக்கு வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரது வெற்றியை நிலைநிறுத்தியது. சட்டமன்ற உறுப்பினரே பாட்டி காலத்து ஆவணங்களோடு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்றால், கொழுந்து பறிக்கும் தாய் தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு எந்தத் தாளைத் தேடுவாள்?

தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குச் சான்று வழங்கலாம் என ஒன்றிய உள்துறை 1980களிலேயே சுற்றறிக்கை விடுத்தது. அச்சான்று ஒன்றிய அரசின் சலுகைகளுக்கும் பூர்விக மாநிலத்தின் சலுகைகளுக்கும் பயன்படும். வாழும் மாநிலத்தில் பயன்படாது. பூர்விக மாநிலமோ இருப்பிடச் சான்று கேட்கிறது. இரு கதவுகளும் ஒன்றையொன்று சுட்டி அடைத்துக்கொள்கின்றன.

1942இல் நாகபுரி மாநாடும் பின்னர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையும் முன்வைத்த கோரிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. சாதிக் கிராமத்தைவிட்டு வெளியேறும் தலித்துகளுக்குத் தனிக் குடியிருப்புகளும் அரசின் தரிசு நிலமும் வேண்டும், அதற்கென ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்றார் அம்பேத்கர். ஊர் மாறுவதை விடுதலையின் வழியாகவும், அதன் பொறுப்பை அரசின் கடமையாகவும் அவர் கண்டார். நமக்குக் கிடைத்த ஏற்பாட்டில் ஊர் மாறுவோர் தம் காப்பை இழக்கின்றனர்.

ஒதுக்கீட்டுப் பங்கை உள்ளூர்ச் சமூகங்களோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். உடல் மீதான பாதுகாப்புக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. 2023 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு ஒருவரின் பூர்விக மாநிலத்தோடு முடிவதில்லை, குற்றம் எங்கு நடந்தாலும் அவருக்கு உண்டு என்று தெளிவுபடுத்தியது. பிற மாநில நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் வலுவான துணை. வெளிமாநிலச் சான்றிதழைக் காட்டி முதல் தகவல் அறிக்கையில் அச்சட்டத்தைச் சேர்க்க மறுக்கும் காவல் நிலையத்துக்குச் செல்லும் தோழர்கள், அத்தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.