ஆதரவு முடிந்த விண்டோஸில் என்ன ஆபத்து?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. மறுநாளும் அந்தக் கணினிகள் எப்போதும்போல ஓடின. அதனால்தான் ஆபத்து பலருக்கு உறைப்பதில்லை. ஆதரவு முடிந்தபின் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல வருவதில்லை.

அந்த ஓட்டைகள் வெளியே தெரியவரும் விதமும் கவலைக்குரியது. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் நிரலின் பெரும்பகுதி ஒன்றுதான். புதியதற்கு மாதந்தோறும் வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது புரிந்துவிடும். பழையதில் அது திறந்தே கிடக்கும். நாளாக ஆக ஆபத்து கூடுவது இதனால்தான்.

2017 மே 12-இல் வானாக்ரை என்ற நச்சுநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது கிடைக்கவில்லை. தாக்குதலுக்குப் பிறகே மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் திருத்தம் தந்தது. ஆனால் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். வந்த திருத்தத்தை அவற்றில் நிறுவியிருக்கவில்லை.

எனவே பழைய கணினிக்கு உதவி கேட்டு வருபவரிடம் 'விண்டோஸ் 10' என்ற பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 'வின்வர்' கட்டளை சரியான பதிப்பைக் காட்டும். எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2027 ஜனவரி வரை ஆதரவு உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் பதிவுசெய்தவருக்கே திருத்தங்கள் வரும்.

அடுத்து அறிய வேண்டியது, அவர் ஏன் மாறவில்லை என்பது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு தேவை. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆய்வகக் கருவியோ பட்டறை இயந்திரமோ பழைய பதிப்பில் மட்டும் இயங்கலாம். இப்படிப்பட்டவர்களிடம் 'புதியதுக்கு மாறுங்கள்' என்று சொல்லி அனுப்புவது உதவி ஆகாது. கருவியோடு பிணைந்த கணினியை இணையத்திலிருந்து துண்டிக்கலாம். வலையமைப்பு வேண்டுமென்றால் மற்றக் கணினிகள் எட்டாத தனிப் பகுதியில் வைக்கலாம். பென்டிரைவ் வழியாகவும் நச்சுநிரல் நுழையும் என்பதால் அதற்கும் கட்டுப்பாடு வேண்டும்.

வீட்டுக் கணினியென்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் பொருந்தலாம். அதன் எல்டிஎஸ் எனும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய விண்டோஸிலேயே இருந்துகொண்டு ஆன்டிவைரஸ் போதும் என்று நம்புவது தவறு. இயங்குதளத்தின் ஓட்டையை அது அடைக்காது. உலாவியும் ஒருநாள் கைவிடும்: 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110, விண்டோஸ் 7-இல் இயங்கவில்லை. ஆதரவு முடிந்த கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது.