மணப்பாட்டுப் பிள்ளைகளும் ஒரு கைமணியும்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் மணப்பாடு. கடலைப் பார்த்து நிற்கும் மணல் குன்று, உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே அலைச் சத்தம் கேட்கும் ஒரு குகை. “சவேரியார் இங்கேதான் தங்கியிருந்தார்” என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். நாமும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஆனால், அந்த மனிதரின் கைமணிக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளின் கதை கேட்க வேண்டிய ஒன்று.

1542 அக்டோபர். பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வயது 36. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முத்துக்குளிக்கும் உரிமைக்காக நடந்த சண்டைகளில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிய பரதவர்கள், சில ஆண்டுகளுக்கு முன்புதான் மதம் மாறியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார் சேவியர். பிறகு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். தினமும் இரண்டு வேளை பாடம். ‘இதை வீட்டுக்குப் போய் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்பதுதான் வீட்டுப்பாடம்!

நோயாளிகள் இருக்கும் வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போவார்? தனக்குப் பதிலாகப் பிள்ளைகளை அனுப்பினார். அந்தக் கரையின் முதல் தன்னார்வலர்கள் அவர்கள்தான்.

‘வேணும்’ செய்த குழப்பம்

தமிழ் தெரியாமல் தமிழில் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்றே பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். தவறு பிடிபட்டதும் சேவியர் மறைக்கவில்லை. ‘வேணும் என்று சொல்லாதீர்கள், விசுவாசம் என்று சொல்லுங்கள்’ என 1544-ல் தன் தோழர் மன்சிலியாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தினார்.

எல்லாமே இனிப்பான கதையும் அல்ல. பிள்ளைகள் ஊரில் இருந்த சிலைகளை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். இன்று படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. பிஞ்சு மனதில் நாம் எதைப் போடுகிறோம் என்பதில் எவ்வளவு கவனம் தேவை என்பதை அந்த வரிகளும் சொல்லத்தான் செய்கின்றன.

அதே 1544-ல் வடுகர் படை தாக்கியபோது, குமரிமுனைப் பாறைகளுக்குத் தப்பியோடிய மக்கள் பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார் சேவியர். எதிர்க்காற்று விடவில்லை. தோணிகள் போய்ச்சேர முடியாமல்போக, பிறகு கரைவழியாக நடந்தே அவர்களிடம் போனார்.

தங்கிவிட்டவர்

இடையிடையே வெளியூர் போய்வந்தாலும், சேவியர் இந்தக் கரையில் இருந்தது சுமார் இரண்டு ஆண்டுகள்தான். அவருக்குத் தமிழ் கடைசிவரை கைவரவில்லை. 1547-ல் வந்த அண்ட்ரிக் அடிகளார் என்ற ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் வேறு ரகம். உட்கார்ந்து தமிழ் படித்தார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார், புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம்தான். ஆனால், இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அதுதான். 1600-ல் இறக்கும்வரை இந்த மக்களின் மனிதராகவே வாழ்ந்தார்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? அவசியம் போங்கள். மணி அடித்தால் பிள்ளைகள் இன்றும் ஓடிவருவார்கள். ஆனால், அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ‘மறுபடியும் எப்போ வருவீங்க?’ என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு தேதியைச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் போய் நில்லுங்கள்.