வாரத்தில் ஒன்றரை மணி நேரம்
புதுமணத் தம்பதியருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சில மருத்துவக் குறிப்புகள்

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு குடும்பத்தினர் வந்திருந்தனர். சீட்டு தாயாரின் பெயரில் இருந்தது. அவர் பல ஆண்டுகளாக எங்களிடம் நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுபவர். உடன் மகனும் மருமகளும். சர்க்கரை அளவைப் பார்த்து, இன்சுலின் அளவை மாற்றி எழுதி முடித்த பின்னும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. "டாக்டர், இவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் விசேஷம் இல்லை. இரண்டு பேருக்கும் என்னென்ன டெஸ்ட் உண்டோ, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

இருவரிடமும் தனியே பேச வேண்டும் எனக் கேட்டுக்கொண்டோம். மகன் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என மாறி மாறி வரும் வேலை. அங்கேயே நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். மருமகள் திண்டிவனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். விழுப்புரத்தை ஒட்டிய ஊரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். அதன்பின் சமையல்; மாமியாருக்கு ஊசி.

"கடந்த மாதத்தில் எத்தனை நாட்கள் சேர்ந்து இருந்தீர்கள்?" என்று கேட்டோம். இருவரும் விரல்விட்டு எண்ணினர். நான்கு நாட்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மிகைநேர வேலை பார்க்கிறார். திருமணக் கடன் இருக்கிறது. மற்ற இரு வாரங்களில் சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுகிறார். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் வாரமாயின் ஞாயிறு முழுவதும் உறக்கம்.

"இருவருமாகக் கடைசியாக எங்கே வெளியே போனீர்கள்?"

"தை ஐந்தாம் தேதி, பிடாகம் ஆற்றுத் திருவிழாவுக்கு" என்றார் அந்தப் பெண், சற்றே மகிழ்ச்சியுடன்.

"உடன் யார் யார்?"

"எல்லோரும்தான். பதினோரு பேர்."

தென்பெண்ணை மணலில் பதினோரு பேருடன் அமர்ந்து சிறுவள்ளிக் கிழங்கு தின்பது இனிய அனுபவம்தான்; அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் நாங்கள் கேட்டது வேறொன்று. (அவர்களின் ஒப்புதல் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம்.)

பரிசோதனை எப்போது தேவை?

ஓராண்டுக் காலம் தம்பதியர் முறையாகச் சேர்ந்து வாழ்ந்தும், கருத்தடை எதுவும் பயன்படுத்தாதிருந்தும் கருவுறவில்லையெனில்தான் அதனைக் குழந்தையின்மை என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இளம் தம்பதியருக்குக்கூட ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். ஆண்டு முடியும்போது நூறு தம்பதியரில் ஏறத்தாழ 85 பேர் கருவுற்றிருப்பர். ஆகவே ஆறாம் மாதத்தில் 24 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன்களும் ஹார்மோன் பரிசோதனைகளும் எழுதித் தருவது, பெரும்பாலும் பணத்தையும் நிம்மதியையும் செலவழிப்பதாகவே முடியும். பெண்ணுக்கு வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே வரவேண்டும். மாதவிடாய் ஒழுங்கின்றி வருதல், அடிவயிற்றில் முன்பு அறுவை சிகிச்சை அல்லது காசநோய், ஆணுக்கு விதைப்பையில் அறுவை அல்லது பொன்னுக்கு வீங்கியின்போது விதை வீக்கம் ஆகியவை இருந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். இவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு இருந்தது. கருமுட்டை வெளிப்பட்ட பின் அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிரோடிருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தால், ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருவுறக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான்: முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். இரு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வீடு வருபவருக்கு, இந்த ஆறு நாட்களும் முழுமையாகத் தவறிப்போகும் மாதங்கள் உண்டு. வரும் நாளிலும் களைப்பு, உறவினர் வருகை, மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்கும் பெரியோர். ஆறு மாதமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வீட்டார் எண்ணினர். உண்மையில் அவர்கள் சேர்ந்திருந்தது ஏறத்தாழ இருபத்தைந்து நாட்கள். அவற்றுள்ளும் இருவரும் விழித்திருந்த நேரம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை.

அப்பெண்ணுக்கு ஆறு மாதமாகத் தலைவலியும் இருந்தது. கணவருக்கு நெஞ்செரிச்சல். அவற்றைப் பற்றி மாமியாருக்குத் தெரியாது. ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை, இருக்கும் நான்கு நாளில் இதையெல்லாம் பேசுவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

இல்லறத்தின் இணக்கம் உடலைத் தொடுமா?

தொடும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்–கிளேசர் குழுவினர் 42 தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் தங்கவைத்து, கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தனர். 2005-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, சச்சரவுக்குப் பின் புண் ஆறுவது தாமதமாயிற்று. ஒருவர்மேல் ஒருவர் பகைமை மிகுதியாகக் காட்டிய தம்பதியருக்கு, மற்றவருக்கு ஆறும் வேகத்தில் 60 விழுக்காடு வேகத்திலேயே புண் ஆறிற்று. நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப்போட வரும் எங்கள் நோயாளிகளின் வீட்டுப் பூசல்களைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஆய்வு எங்கள் நினைவுக்கு வரும்.

இன்னோர் ஆய்வு 1993-இல் வெளிவந்தது. ஆர்தர் ஆரனும் உடனாய்வாளர்களும் 53 தம்பதியரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தமக்குப் 'புதுமையும் கிளர்ச்சியும்' தரும் எதையேனும் சேர்ந்து செய்யச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை 'இனிமையான' வழக்கச் செயல்களைச் செய்யச் சொன்னார்கள். எஞ்சியோருக்கு எதுவும் சொல்லவில்லை. பத்து வாரங்களுக்குப் பின் மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தது முதல் பகுதியினரிடத்தில்தான். அந்நாட்டுத் தம்பதியரின் வாழ்வு வேறு, நம்முடையது வேறு. மாமியார், நாத்தனார், ஷிஃப்ட் வேலை, இவையெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆயினும் அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது, ஒன்றரை மணி நேரம் என்ற அளவைத்தான். மூன்று நாள் ஊட்டிப் பயணம் எல்லோருக்கும் கைகூடாது. ஒன்றரை மணி நேரத்தைத் தேடினால் கிடைக்கும்.

'டேட்' என்னும் சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் சுளிப்போர் உண்டு. சொல்லை விட்டுவிடுவோம். ஊடலின் இன்பத்தைச் சொல்லும் ஊடலுவகை என்னும் அதிகாரத்தை 133-ஆவதாக வைத்துத்தான் வள்ளுவர் தம் நூலை முடித்திருக்கிறார். கணவனும் மனைவியும் தனித்துப் பேசி மகிழ்வது அயல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் அன்று.

மறைமலை நகரிலிருந்து விழுப்புரம் வரும் பேருந்து திண்டிவனத்தைக் கடந்தே வரவேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பெண் அதே திண்டிவனத்தில் வேலை முடித்துத் தனியே பேருந்து ஏறுகிறார். ஓரிரு மணி நேர இடைவெளியில் இருவரும் ஒரே சாலையில் தனித்தனியே வீடு சென்றுகொண்டிருந்தனர்! இதை நாங்கள் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டனர். அவர் திண்டிவனத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும்; புளியங்காடு என்னும் பொருளில் ஊருக்கும் இறைவனுக்கும் பெயர் தந்த திந்திரிணீசுவரர் கோயிலில் ஒரு சுற்று, உணவகத்தில் இருவருக்குமாக ஒரு சிற்றுண்டி, பின்பு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஒரே இருக்கையில் பயணம். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். செலவு அதிகமில்லை.

இதற்கு ஒரே தடை மாமியாரின் ஊசி. மருமகள் வந்துதான் இரவு இன்சுலின் போடுவார்; அதுவரை அந்த அம்மாள் உண்ணாமல் காத்திருப்பார். மருமகளைச் சிறைப்படுத்துவது ஒருபுறம் இருக்க, இது அவருக்கே ஆபத்தான பழக்கம். காலையில் போட்ட கலவை இன்சுலின் மாலையிலும் வேலை செய்துகொண்டிருக்கும். உணவு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதுவும் ஊட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் செவிலியர் அவருக்கு இன்சுலின் பேனாவைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். கண்பார்வை நன்றாக இருந்தது; கையும் நடுங்கவில்லை. இருபது நிமிடத்தில் தாமே போட்டுக்கொண்டார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். பிறர் உதவியின்றித் தம்மால் செய்துகொள்ளக்கூடியதைச் செய்துகொள்ளும் நோயாளி, பராமரிப்பவருக்கு நேரத்தைத் திருப்பித் தருகிறார். படுக்கையில் உள்ளவர்களால் அது இயலாது. அத்தகைய வீடுகளில், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதுக்கு நாத்தனாரோ பக்கத்து வீட்டு உறவினரோ வந்து அமர ஏற்பாடு செய்யுங்கள். பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் புதுமருமகளுக்கு இரண்டு மணி நேர விடுதலை எவ்வளவு பெரியது என்பதை அவர்களாக வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

விடுமுறை கிடைக்கும் நாளில் தொலைவு போகலாம். நம் மாவட்டத்தில் இருப்பதை நாமே பார்ப்பதில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அவற்றுள் இது ஒன்றே. காலையில் வெயில் ஏறுமுன் இராஜகிரியில் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் கொண்டுசெல்லுங்கள். படியேறும்போது அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் இரத்தசோகை உள்ளதா எனப் பார்க்கவேண்டும்; நம் இளம்பெண்களில் அது மிகுதி. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரை, விழுப்புரம்–செஞ்சி வழியில் உள்ளது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையவை. குளிர்காலமாயின், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரிக்கு விடியலில் போய் வரலாம்.

வெளியே செல்லும் பெண்களுக்கு ஒரு சொல். வழியில் கழிப்பறை இருக்காது என அஞ்சி நீர் அருந்தாமலும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் பயணம் செய்கிறீர்கள். புதிதாக மணமான பெண்களுக்குச் சிறுநீர்த்தொற்று வருவது இயல்பிலேயே அதிகம். இப்பழக்கம் அதை மேலும் கூட்டும். நீரைக் குறைக்காதீர்கள். உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுங்கள். எரிச்சலுடன் குளிர்க்காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் அன்றைக்கே வாருங்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இது வெட்கப்படவேண்டிய நோயன்று. கருவுற விரும்புவோர் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம்.

எல்லா இல்லங்களிலும் குறை நேரமின்மை மட்டுமே எனச் சொல்லமாட்டோம். அடி, மிரட்டல், குடி, பேசவே அச்சம் என்று இருக்குமிடத்தில் ஊர்சுற்றல் மருந்தாகாது. பெண்களுக்கு 181 என்னும் உதவி எண் உண்டு. உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி இரண்டு வாரம் கடந்தால் 14416 என்னும் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது எங்களிடம் வரலாம்.

அக்குடும்பத்தினர் வைகாசியில் மீண்டும் வந்தனர். கணவர் மாதத்தில் ஒரு மிகைநேர ஞாயிறை விட்டுக்கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை தவிர மற்றவற்றில் திண்டிவனத்தில் இறங்கியிருந்தார். செஞ்சிக்குப் போனார்கள், அரைமலையில் மழை பிடித்துக்கொண்டது என்றார்கள். தலைவலி குறைந்திருந்தது. கரு இன்னும் தங்கவில்லை. பரிசோதனை எதுவும் எழுதவில்லை. ஆவணியில் ஆண்டு நிறையும்போது வரச்சொல்லியிருக்கிறோம். ஆடி மாதம் முழுவதும் மகளைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளப் பெண் வீட்டார் கேட்டிருக்கிறார்களாம். மாமியார் எங்களிடம், "முதல் நாள் விருந்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுத் திருப்பி அழைத்துக்கொள்ளப் போகிறேன், சரிதானே டாக்டர்?" என்றார். பின்பு சர்க்கரைக் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். இரவு ஊசிகள் எல்லாம் எட்டு மணிக்குள் அவர் கையெழுத்திலேயே குறிக்கப்பட்டிருந்தன.